கேள்வி – பதில்: போர்க்குற்ற வழக்கு நடத்தும் வேலை

சர்வதேச நீதிமன்றங்களில் போர்க்குற்ற வழக்குகளை நடத்தும் பிராசிக்யூட்டர் வேலையைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். வழக்காடுதல், புலனாய்வு இரண்டும் தெரிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. அடுத்து சர்வதேசச் சட்டத்தில் எல்.எல்.எம். முடித்துவிட்டால் நேராக ஹேக் நகரத்து நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கத் தடை ஒன்றுமில்லை. ஆனால் வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் பதவிக்குப் போக முடியாது. ஹேக்கில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் (ஐ.சி.சி.) ஐ.நா.வின் பதவி வரிசையைத்தான் பின்பற்றுகிறது. முதுகலைப் பட்டத்துடன் பி-2 நிலைக்கு 2 ஆண்டு, பி-3க்கு 5, பி-4க்கு 7, பி-5க்கு 10 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். முதுகலை இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் இன்னும் 2 ஆண்டு கூடும். ஒரு வழக்கின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் சீனியர் டிரையல் லாயர் பி-5 நிலையில் இருப்பவர்.

அந்த அனுபவத்தை எங்கே சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறான கணக்குப் போடுகிறார்கள். கருத்தரங்கு, ஆய்வுக் கட்டுரை என்று ஐந்தாண்டு ஓட்டியவரைவிட, சாதாரண கிரிமினல் கோர்ட்டில் கொலை வழக்கும் கூட்டுச்சதி வழக்கும் நடத்தியவருக்குத் தேர்வுக் குழுவில் மதிப்பு அதிகம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவருக்கு, போர் விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்களை ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒப்பந்தங்களை மனப்பாடமாக வைத்திருப்பவருக்குக் குறுக்கு விசாரணையை ஆறு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. ஆகவே படிப்பு முடிந்ததும் விசாரணை நீதிமன்றத்துக்குப் போங்கள். குற்றம் சாட்டும் தரப்போ எதிர்த்தரப்போ, இரண்டும் கணக்கில் சேரும். நிதி மோசடி, திட்டமிட்ட குற்றக் கும்பல், ஆள் கடத்தல் வழக்குகள் கிடைத்தால் விடாதீர்கள். தலைவன் கையில் ரத்தம் படாமல் கீழே இருப்பவர்கள் செய்யும் குற்றத்தை நிரூபிக்கும் பயிற்சி அங்கேதான் கிடைக்கும்.

மொழியும் முக்கியம். நீதிமன்றத்தின் பணி மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். ஒன்றில் சரளம் கட்டாயம். இரண்டாவதும் தெரிந்தால் பலம். அரபி, ரஷ்யன், ஸ்பானிஷ் போன்றவை வழக்கைப் பொறுத்துக் கதவைத் திறக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பர்க்கில் பெஞ்சமின் ஃபெரென்ஸ் 27 வயதிலேயே தலைமை பிராசிக்யூட்டராக இருந்தாரே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இருந்தார். நாஜி கொலைப்படைகளான ஐன்சாட்ஸ்குரூப்பன் மீதான வழக்கில் 22 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வாங்கினார். ஆனால் அந்தப் படைகள் தாங்கள் கொன்றவர்களின் எண்ணிக்கையைத் தாங்களே அறிக்கையாக பெர்லினுக்கு அனுப்பியிருந்தன, அந்த அறிக்கைகள் அவர் கையில் கிடைத்தன. அப்படி வாக்குமூலத்தைக் கோப்பாகக் கட்டிக் கொடுக்கும் எதிரி இப்போது அபூர்வம்.

இந்த வேலை பெரும்பாலும் கோர்ட்டில் வாதாடுவதா?

இல்லை. வழக்குக்கு வருடக்கணக்கில் காகிதம் படிப்பதுதான் வேலை. கோர்ட்டில் எழுந்து நிற்பது அதன் கடைசிப் பகுதி.

இந்த வழக்குகளில் ஆதாரம் இரண்டு வகை. குற்றம் நடந்தது என்பதைக் காட்டுவது ஒரு வகை: சடலங்கள், காயங்கள், எரிந்த வீடுகள், தப்பியவர்களின் சாட்சியம். அதைச் செய்தவர்களை மேலே உட்கார்ந்திருக்கும் குற்றம் சாட்டப்பட்டவரோடு கட்டிப்போடுவது இன்னொரு வகை. இதை இணைப்பு ஆதாரம் என்பார்கள். புதிதாக வருபவர்கள் முதல் வகையிலேயே மூழ்கிவிடுவார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணில் படும். வழக்கு தோற்பது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான். ஆயிரம் பேர் செத்தார்கள் என்பதை எதிர்த்தரப்பு மறுப்பதே இல்லை. “என் கட்சிக்காரர் அன்று வேறு ஊரில் இருந்தார், அந்தப் படை அவர் சொல் கேட்கும் படையே இல்லை” என்றுதான் சொல்வார்கள்.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 ஜூலையில் அங்கே சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படையால் கொல்லப்பட்டார்கள். பிறகு ஆதாரத்தை மறைக்க, புதைகுழிகளை இயந்திரத்தால் தோண்டி, உடல்களை லாரியில் ஏற்றி வேறு இடங்களில் புதைத்தார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு குழிகளில் கிடந்தன. எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்குப் போனது என்பதை மண்ணின் தன்மை, தோட்டா உறைகள், கைகளைக் கட்டிய துணி, கம்பி ஆகியவற்றை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். கோஸ்லுக் என்ற இடத்தில் கொலை நடந்த இடமே ஒரு பாட்டில் தொழிற்சாலை உடைந்த கண்ணாடியைக் கொட்டும் இடம். அதே பச்சைக் கண்ணாடித் துண்டுகள் தொலைவில் சான்சாரி சாலைப் புதைகுழியில் எலும்புகளோடு கிடந்தன.

இவ்வளவும் முதல் வகை. படைத் தலைமையோடு இதைக் கட்டியவை வேறு. அந்தப் படையின் ஸ்வோர்னிக் பிரிவு வைத்திருந்த வாகனப் பதிவேட்டில் மண் தோண்டும் இயந்திரம் எந்த நாளில் எந்த ஊரில் வேலை செய்தது என்று எழுதியிருந்தது. 1995 செப்டம்பரில் அந்தப் பிரிவுக்கு 5 டன் டீசல் ஒதுக்கிய உத்தரவும் கிடைத்தது. எதிரணியின் ரேடியோவை ஒட்டுக்கேட்ட போஸ்னிய ராணுவத்தினர் உரையாடல்களைக் கையால் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். இவற்றை அப்படியே நம்பிவிடவில்லை. எழுதியவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, நோட்டில் உள்ள நேரத்தை வான்வழிப் படங்களோடும் மறுதரப்பின் சொந்தப் பதிவேடுகளோடும் வைத்துப் பார்த்த பிறகே கோர்ட்டுக்கு எடுத்துப் போனார்கள். 2001 ஆகஸ்டில் போஸ்னிய செர்பிய ஜெனரல் கிர்ஸ்டிச் வழக்கில், ஐ.நா. அமைத்த யூகோஸ்லாவிய தீர்ப்பாயத்தின் முதல் இனப்படுகொலைத் தீர்ப்பு வந்தது இப்படித்தான்.

டீசல் கணக்கு எழுதிய குமாஸ்தாவுக்குத் தான் எதை எழுதுகிறோம் என்று தெரிந்திருக்காது. அதனாலேயே அதற்கு மதிப்பு. உத்தரவுகளைக் கிழித்துப் போடுவார்கள், ஸ்டோர் ரூம் பதிவேட்டைக் கிழிக்க மறந்துவிடுவார்கள். சம்பளப் பட்டியல், ரேஷன் விநியோகம், விடுப்புப் பதிவு, தோட்டா கணக்கு, வயர்லெஸ் அழைப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் வைத்து, எந்தத் தேதியில் எந்தப் பிரிவு யாருக்குக் கீழ் இருந்தது என்று ஒரு அட்டவணை போடுவார்கள். புலனாய்வுக் குழுவில் ராணுவ ஆய்வாளர் என்று தனியாக ஆள் இருப்பது இதற்குத்தான்.

சந்தையில் குண்டு விழுகிறது. ‘நாங்கள் சுடவில்லை, அவர்களே சுட்டுக்கொண்டார்கள்’ என்கிறார்கள். சுட்டது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மோர்ட்டார் குண்டு என்றால் விழுந்த பள்ளமே பாதி சொல்லிவிடும். குண்டு சாய்வாக வந்து விழுவதால் தரையில் சிதறல் கீறல்கள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. தார் ரோட்டிலும் கான்கிரீட்டிலும் விசிறி போல விரியும், வந்த பக்கத்தில் அடர்த்தியாக இருக்கும். அந்த விசிறியை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டைப் போட்டு, திசைகாட்டியால் கோணம் எடுப்பார்கள். வால் துடுப்பு தரையில் புதைந்திருந்தால் அதைப் பிடுங்குவதற்கு முன் அது சாய்ந்திருக்கும் கோணத்தையும் புதைந்த ஆழத்தையும் அளக்க வேண்டும். யாராவது ஆர்வக் கோளாறில் முதலிலேயே பிடுங்கி எடுத்துவிட்டால், அல்லது பக்கத்தில் இரும்பு இருக்கும்போது திசைகாட்டியை வைத்தால், கோணம் கெட்டது.

திசை ஓரளவு உறுதியாகத் தெரியும். தூரம்தான் தலைவலி. மோர்ட்டாரில் குண்டோடு சேர்க்கும் உந்துமருந்துப் பொதிகளின் எண்ணிக்கையை மாற்றித் தூரத்தை மாற்றலாம். ஒரே விழும் கோணத்துக்கு, ஒவ்வொரு பொதி எண்ணிக்கைக்கும் ஒரு தூரம் வரும். அதே திசையில் போர்முனைக் கோட்டின் இருபுறமும் பீரங்கி நிலைகள் இருந்தால் ‘யார்’ என்ற கேள்வி அங்கேயே நின்றுபோகும். போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் மார்க்கலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று விழுந்த 120 மி.மீ. குண்டைப் பற்றி போஸ்னிய செர்பிய ஜெனரல் காலிச் வழக்கில் நடந்த வாதம் முழுவதும் இதுதான். வால் துடுப்பு எவ்வளவு ஆழம் போனது என்பதிலிருந்து வேகத்தையும், அதிலிருந்து தூரத்தையும் கணக்கிட நிபுணர்கள் முயன்றார்கள். 2003இல் வந்த தீர்ப்பு பெரும்பான்மைத் தீர்ப்பு. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாற்றுக் கருத்து எழுதினார்.

எண்ணை நம்பிக் கெட்டதற்கும் உதாரணம் உண்டு. குரோஷிய ஜெனரல் கோட்டோவினா 1995 ஆகஸ்டில் நகரங்கள் மீது பீரங்கித் தாக்குதல் நடத்திய வழக்கில், ராணுவ இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த குண்டு பொதுமக்களைக் குறிவைத்தது என்று விசாரணை நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. 2011இல் 24 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில், அந்த 200 மீட்டருக்குச் சாட்சியத்தில் அடிப்படையே இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள். மூவருக்கு இருவர் என்ற கணக்கில் 2012 நவம்பரில் விடுதலை. பீரங்கியின் வகை, தூரம், காற்று, குண்டின் இயல்பான சிதறல் எல்லாவற்றையும் சாட்சியத்தின் மூலம் கோப்பில் ஏற்றாமல், நீதிபதிகளே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் வழக்கு இப்படித்தான் கரையும். ஆயுத நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஆயுத நிபுணரிடமே கேட்டு முடித்துவிடுங்கள்.

ஐ.சி.சி.க்கு சொந்த போலீஸ் உண்டா?

கிடையாது. கைது செய்வது உறுப்பு நாடுகளின் கடமை. செய்யாவிட்டால் கோப்பு காத்திருக்கும். சூடான் அதிபராக இருந்த பஷீர் மீது 2009இல் வாரண்ட் பிறந்தது, அதன் பிறகும் அவர் வெளிநாட்டுப் பயணம் போய்க்கொண்டிருந்தார். போஸ்னிய செர்பியத் தளபதி முலாடிச் மீது யூகோஸ்லாவிய தீர்ப்பாயம் குற்றப்பத்திரிகை போட்டது 1995இல், கைதானது 2011 மே மாதம். மாறாக காங்கோவின் ஆயுதக் குழுத் தளபதி போஸ்கோ ந்தகாண்டா 2013இல் தானே ருவாண்டாவின் கிகாலியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு நடந்து போய்ச் சரணடைந்தார். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

கையில் போனில் எடுத்த வீடியோ இருக்கிறது. இதுவே போதாதா?

சில சமயம் வாரண்ட் வாங்கப் போதும். லிபியத் தளபதி வெர்ஃபல்லி மீது 2017 ஆகஸ்டில் ஐ.சி.சி. பிறப்பித்த வாரண்டில் 7 சம்பவங்கள், கொல்லப்பட்ட 33 பேர் என்று இருந்தது. பெரும்பகுதி ஆதாரம் சமூக வலைத்தளத்தில் வந்த வீடியோக்கள். ஆனால் வாரண்டுக்கு வேண்டியது ‘நம்ப நியாயமான காரணம்’. குற்றச்சாட்டை உறுதிப்படுத்தும் கட்டத்தில் ‘கணிசமான காரணம்’ வேண்டும். தண்டனைக்கு ‘ஐயத்துக்கு இடமின்றி’. மூன்று படி. ஒரே வீடியோ முதல் படி ஏறிவிட்டது என்பதற்காக மூன்றாவது படியும் ஏறும் என்று நினைக்கக் கூடாது. வெர்ஃபல்லி விஷயத்தில் அதைச் சோதிக்கும் வாய்ப்பே வரவில்லை, 2021இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வீடியோவைக் கையாளும்போது கெடுவது எங்கே? முதலில், வாட்ஸ்அப் வழியாக அனுப்புவது. கோப்பு சுருங்கும், எடுத்த நேரம், இடம் போன்ற உள்தகவல் போய்விடும். எடுத்தவரின் போனிலிருந்து அசல் கோப்பை நேரடியாகப் பிரதி எடுக்க வேண்டும். எடுத்த உடனே அதற்கு ஒரு ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண், கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். பொதுவாக ஷா-256 என்ற கணக்கு முறையில். பிறகு கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் பொருந்தாது. யாரிடமிருந்து, எப்போது, யார் வாங்கினார், யார் திறந்தார் என்ற கைமாற்றுப் பதிவு இடையில் அறுந்துவிடக் கூடாது. இணையத்தில் இருப்பதென்றால் பக்கத்தின் முகவரி, பதிவேற்றிய கணக்கு, கீழே உள்ள பின்னூட்டங்கள், சேமித்த நேரம் எல்லாம் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வலைத்தளங்கள் வன்முறைக் காட்சி என்று நீக்கிவிடும், நாளை பார்க்கலாம் என்றால் நாளை இருக்காது.

அடுத்தது இடத்தையும் நேரத்தையும் உறுதி செய்வது. மலை முகடு, மினாரா, தண்ணீர்த் தொட்டி, மின்கம்ப வரிசை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு வைத்துப் பார்ப்பது, நிழலின் நீளத்தைக் கொண்டு மணியைக் கணிப்பது. அதே காட்சி இரண்டு வருடம் முன்பு வேறு நாட்டுச் சண்டையின் பெயரில் சுற்றியிருக்கிறதா என்றும் தேட வேண்டும். இதற்கெல்லாம் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறைதான் இப்போது பொதுப் பாடம். விண்ணப்பத்தில் இதைப் படித்திருப்பதாகச் சொல்லிவிட்டு நேர்காணலில் விழிப்பவர்கள் அதிகம். படித்தால் முழுசாகப் படியுங்கள்.

நிவாரண அமைப்பில் வேலை செய்கிறேன். முகாமில் மக்கள் நடந்ததைச் சொல்கிறார்கள். விரிவாக எழுதி, கையெழுத்து வாங்கி வைத்தால் பின்னால் வழக்குக்கு உதவும் அல்லவா?

நல்ல எண்ணம்தான். ஆனால் பல சமயம் கெடுதலில் முடியும். ஒருவர் நான்கு அமைப்புகளிடம் நான்கு முறை சொன்னால் நான்கிலும் சின்னச் சின்ன வித்தியாசம் வரும். முதலில் ஐந்து பேர் என்பார், பிறகு ஏழு பேர் என்பார். அது மனித இயல்பு. ஆனால் நான்கு தாள்களும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கைக்குப் போகும். குறுக்கு விசாரணையில் அவர் அந்த வித்தியாசங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். பாலியல் வன்முறைக்கு ஆளானவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது அவரை மறுபடி காயப்படுத்துவதும் ஆகும். 2022இல் ஐ.சி.சி. பிராசிக்யூட்டர் அலுவலகமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் குற்றவியல் நீதி அமைப்பான யூரோஜஸ்ட்டும் தொண்டு அமைப்புகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம்: தீங்கு செய்யாதே, முடிந்தவரை விரிவான வாக்குமூலம் எடுக்காதே, குழந்தைகளிடமும் பலவீனமான நிலையில் இருப்பவர்களிடமும் குறிப்பாக எடுக்காதே.

அப்படியானால் எதைக் குறிப்பது? இவர் எதைப் பற்றிச் சொல்லக்கூடியவர் என்று இரண்டு வரி. எந்த ஊர், எந்தத் தேதிவாக்கில், நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா. பாதுகாப்பாக அவரைத் தொடர்புகொள்ளும் வழி. வேறு யாரிடம் ஏற்கெனவே சொன்னார். பின்னால் புலனாய்வாளருக்கு விவரம் கொடுக்க அவர் சம்மதிக்கிறாரா, எந்த அமைப்புக்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது. பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பில், குறியீட்டு எண்ணோடு. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைக்காதீர்கள்.

செய்யவே கூடாதவை: பணமோ பொருளோ தருவதாகச் சொல்வது, விசா கிடைக்கும் என்று ஆசை காட்டுவது, ‘இவன்தானே?’ என்று ஒரே ஒரு போட்டோவைக் காட்டுவது. அந்தப் போட்டோ ஒன்றே போதும், அடையாளம் காட்டும் சாட்சியம் முழுவதும் பாழ். தரையில் கிடக்கும் தோட்டா உறை, காகிதம் போன்றவற்றை எடுக்க வேண்டாம். அழிந்துபோகும் நிலை என்றால் மட்டும், கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, பிறகு தனித்தனி உறையில் போட்டு, யார், எப்போது, எங்கே என்று எழுதி ஒட்டுங்கள்.

ஒருவர் பேசியே ஆக வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். கேளுங்கள். கேட்பதும் கேள்வி கேட்பதும் வேறு.

பெரிய தலைவர்கள் மீதான வழக்குகள் ஏன் இத்தனை தோற்கின்றன? லஞ்சமா, அரசியலா?

அரசியல் உண்டு. ஆனால் கோப்பின் ஓட்டைகளையும் பார்க்க வேண்டும்.

அப்போதைய கென்ய அதிபர் உஹுரு கென்யாட்டா மீதான வழக்கை பிராசிக்யூட்டர் 2014 டிசம்பரில் தானே திரும்பப் பெற்றார். சாட்சிகள் ஒவ்வொருவராக விலகினார்கள், சிலர் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள், கேட்ட ஆவணங்களை அரசு முழுமையாகத் தரவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் மீது, அவர் அரசின் ஒத்துழைப்பை நம்பி, பெரும்பாலும் வாய்மொழிச் சாட்சியத்தின் மேல் வழக்கைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். ஆளை விலைக்கு வாங்கலாம், மிரட்டலாம். காகிதத்தை மிரட்ட முடியாது.

காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்கா மீதான வழக்கு ஐ.சி.சி.யின் முதல் வழக்கு. சிறுவர்களைப் படையில் சேர்த்த குற்றம். விசாரணை தொடங்கும் முன்பே 2008 ஜூனில் நீதிபதிகள் வழக்கை இடைநிறுத்தினார்கள். பிராசிக்யூஷன் தரப்பு ஐ.நா.விடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் 200க்கும் மேற்பட்ட ஆவணங்களை ‘ரகசியமாக வைப்போம்’ என்று உறுதி கொடுத்து வாங்கியிருந்தது. அவற்றில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானவையும் இருந்தன, காட்ட முடியவில்லை. சட்டமோ தெளிவு: நிரபராதி என்று காட்டும் ஆதாரத்தையும் அதே அக்கறையோடு தேட வேண்டும், கிடைத்தால் எதிர்த்தரப்பிடம் கொடுக்க வேண்டும். ரகசிய உறுதியில் வாங்குவது புதிய ஆதாரத்துக்கு வழி தேட மட்டும் அனுமதிக்கப்பட்டது. அதைச் சோம்பேறித்தனமாக எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். பிறகு உள்ளூர் இடைத்தரகர்களை நம்பிச் சாட்சிகளைத் தேடியதில் பலரின் சாட்சியம் நிற்கவில்லை. கடைசியில் 2012 மார்ச்சில் தண்டனை கிடைத்தது, வீடியோவில் அவரது காவலர்களாகத் தெரிந்த சிறுவர்களின் உருவம் அதில் முக்கியப் பங்கு வகித்தது.

காங்கோவின் ஜான்-பியர் பெம்பா வழக்கு வேறு மாதிரி. தன் படையினர் அண்டை நாட்டில் செய்த குற்றங்களைத் தளபதி என்ற முறையில் தடுக்கவில்லை என்று 2016இல் 18 ஆண்டு. 2018 ஜூனில் மேல்முறையீட்டில் விடுதலை, அதுவரை பத்தாண்டு சிறையில். தளபதிப் பொறுப்பில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: படை அவர் உண்மையான கட்டுப்பாட்டில் இருந்தது, அவருக்குத் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும், நியாயமாகச் செய்யக்கூடியதை அவர் செய்யவில்லை. மூன்றாவதில்தான் விழுந்தது. வேறு நாட்டில் இருக்கும் படையைத் தூரத்திலிருந்து விசாரித்துத் தண்டிக்க அவரால் எந்த அளவு முடியும் என்பதைக் கீழ் நீதிமன்றம் சரியாக எடைபோடவில்லை என்றார்கள். இந்தத் தீர்ப்பை ஏற்காதவர்கள் நிறைய. நாங்களும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் அவர் என்ன செய்யவில்லை என்று எழுதும்போது, என்ன செய்திருக்க முடியும் என்று தேதியோடு எழுதாத குற்றப்பத்திரிகை இனி நிற்காது.

பேராசையும் ஒரு காரணம். யூகோஸ்லாவியாவின் முன்னாள் அதிபர் மிலோஷெவிச் மீது குரோஷியா, போஸ்னியா, கொசோவோ மூன்றையும் சேர்த்து 66 குற்றச்சாட்டுகள். 2002 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணை முடியும் முன்பே, 2006 மார்ச்சில் அவர் இறந்தார். தீர்ப்பு இல்லை. பத்துச் சம்பவம் போதும் என்றால் பதினொன்றாவதைச் சேர்க்காமல் இருக்கத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் விடுபட்ட ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

வழக்கு நடக்கும்போதே குற்றச்சாட்டை மாற்ற முடியுமா?

ஐ.நா. தீர்ப்பாயங்களில் முடிந்தது, நீதிபதிகள் அனுமதியுடன். ஐ.சி.சி.யில் விசாரணை தொடங்கும் முன்பு மட்டுமே. 1994 இனப்படுகொலைக்காக அமைத்த ருவாண்டா தீர்ப்பாயத்தில், மேயராக இருந்த அகயேசு மீதான வழக்கில் முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் வேறு விஷயத்தைச் சொல்லும்போது அது வெளிவந்தது. அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை அந்தச் சாட்சிகளிடம் மேலும் கேட்டார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 தீர்ப்பில் வன்புணர்வும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாகலாம் என்று முதன்முறையாகச் சொல்லப்பட்டது. புலனாய்வாளர்கள் முதலில் அதைக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. கேட்காததை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சட்டம் படிக்கவில்லை. எனக்கு இடம் உண்டா?

உண்டு. ராணுவ ஆய்வாளர், போன் அழைப்புப் பதிவுகளை ஆராய்பவர், தடயவியல் தொல்லியல், உடற்கூறு நிபுணர், நிதி புலனாய்வாளர், மொழிபெயர்ப்பாளர், ஆதாரக் கோப்புகளைப் பராமரிப்பவர், சாட்சிகளோடு இருக்கும் உளவியலாளர் எனப் பலர் வேண்டும். வட்டார வழக்கு தெரிந்த மொழிபெயர்ப்பாளரின் இடம் மிகப் பெரியது. ‘அவரை அனுப்பிவிடு’ என்று வயர்லெஸ்ஸில் சொன்னால் அந்த வட்டாரத்தில் அது வழியனுப்புவதா, தீர்த்துக்கட்டுவதா என்று சொல்ல வேண்டியவர் அவர்.

தேர்வு எப்படி நடக்கும்? ஹேக் தவிர வேறு இடம் இல்லையா?

விளம்பரத்துக்கு விண்ணப்பம், நேரம் குறித்த எழுத்துத் தேர்வு, குழு நேர்காணல், பழைய மேலதிகாரிகளிடம் விசாரிப்பு என்று பல மாதம் ஓடும். எழுத்துத் தேர்வில் சிறு சாட்சிக் குறிப்புகளைக் கொடுத்து ‘எந்தக் குற்றம், எந்தக் கூறு நிரூபணமாகிறது, எது இல்லை, அடுத்து என்ன தேடுவாய்’ என்ற பாணியில் கேட்பார்கள். பலர் சட்டப் பிரிவுகளை அள்ளிக் கொட்டிவிட்டு ‘எது இல்லை’ என்பதை எழுதாமல் விடுவார்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. இன்டர்ன்ஷிப் சில மாதங்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லை, சில இடங்களுக்கு உதவித்தொகை உண்டு. ஐ.சி.சி.யில் உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கே முன்னுரிமை.  ஆகவே அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

வேறு இடங்கள் நிறைய. சிரியா பற்றிய ஆதாரங்களைத் தொகுக்க ஐ.நா. பொதுச்சபை 2016 டிசம்பரில் அமைத்த அமைப்பு ஜெனீவாவில் இயங்குகிறது. மியான்மருக்கும் அதே போன்று ஒன்று. கொசோவோ சிறப்பு நீதிமன்றம் ஹேக்கில். இன்று அதிக வேலை நடப்பது பல நாடுகளின் சொந்த நீதிமன்றங்களில்தான். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் சிரிய உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு 2022 ஜனவரி 13 அன்று ஆயுள் தண்டனை கொடுத்தது ஒரு உள்நாட்டு நீதிமன்றம். உங்கள் நாட்டு பிராசிக்யூட்டர் அலுவலகத்தில் இத்தகைய பிரிவு இருந்தால் அங்கே நுழைவது ஹேக்கைவிட எளிது, கற்பதும் குறைவில்லை.

தற்காலிகத் தீர்ப்பாயங்கள் மூடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். யூகோஸ்லாவிய தீர்ப்பாயம் 161 பேர் மீது குற்றம் சாட்டி, 2017 டிசம்பர் 31 அன்று மூடிக்கொண்டது. அதோடு அங்கே இருந்த பலரின் வேலையும் முடிந்தது. ஒப்பந்தக் காலம் குறுகியது, வீட்டுக் கடன் வாங்கும்போது இதை மனதில் வைக்கவும்.

ஐ.சி.சி.யின் தலைமை பிராசிக்யூட்டரை யார் நியமிப்பது?

உறுப்பு நாடுகளின் பேரவை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும். 9 ஆண்டு, ஒரே முறை. இதுவரை வந்தவர்கள்: அர்ஜென்டினாவின் மொரேனோ ஒகாம்போ, காம்பியாவின் ஃபட்டூ பென்சௌடா, 2021இல் பொறுப்பேற்ற பிரிட்டனின் கரீம் கான். இதை இலக்காக வைத்து வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம்.

என் மகள் இந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். ஆபத்தானதா? பிணங்களைப் பார்த்துப் பார்த்து மனசு என்ன ஆகும்?

ஆபத்து உண்டு, ஆனால் எல்லோரும் நினைக்கிற வகையில் இல்லை. களத்துக்குப் போவதற்கு முன் பாதுகாப்பு அதிகாரிகள் பார்த்து அனுமதித்தால்தான் போக முடியும். உண்மையில் அதிகம் ஆபத்தில் இருப்பவர்கள் சாட்சிகள். வந்துபோகும் கார், தங்கும் விடுதி, பேசும் நேரம் எதுவும் அவர்களைக் காட்டிக்கொடுக்காதபடி பார்த்துக்கொள்வது அவள் வேலையில் ஒரு பகுதியாக இருக்கும். சமீப காலமாக இன்னொரு வகைத் தொல்லை. அமெரிக்கா 2020இல் பென்சௌடா மீதும் 2025இல் கரீம் கான் மீதும் தடை விதித்தது. வங்கிக் கணக்கும் விசாவும் சிக்கலாகும் வகை. 2023இல் ரஷ்யா கானைத் தேடப்படுபவர் பட்டியலில் போட்டது. கீழ்நிலை ஊழியருக்கு இது அன்றாடக் கவலை இல்லை என்றாலும், எந்த நாட்டுக்குப் பயணம் போகலாம், எதற்குக் கூடாது என்ற கணக்கு இருந்துகொண்டே இருக்கும்.

மனதைப் பற்றி: பாதிப்பு வரும். நேரில் போகாமல் திரையில் வீடியோ பார்ப்பவருக்கும் வரும். பலருக்குப் படத்தைவிடச் சத்தம்தான் உள்ளே போய் உட்காரும். அதனால் அனுபவசாலிகள் முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள், திரையைச் சின்னதாக்குவார்கள், தேவைப்பட்டால் கறுப்பு வெள்ளையாக மாற்றுவார்கள். கோப்பின் பெயரிலேயே உள்ளே என்ன வரப்போகிறது என்று எழுதி வைப்பார்கள். எதிர்பாராமல் பார்ப்பதுதான் அதிகம் தாக்கும். தூங்கப் போகும் முன் பார்ப்பதில்லை, வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை, ஒரே ஆள் நாள் முழுக்கப் பார்ப்பதில்லை. தூக்கம் கெடுவது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது, அதைவிட முக்கியமாக எதுவுமே உறைக்காமல் போவது ஆகியவை எச்சரிக்கை மணி. நேர்காணலில் அவள் வேலை தருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த அலுவலகத்தில் உளவியல் ஆலோசகரைப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கமா, அல்லது உடைந்துபோனவர்களுக்கு மட்டுமா? முதல் பதில் வந்தால் சேரலாம்.